மொட்டை மாடியில் கோ-டூ டெலஸ்கோப்: அமைப்பதிலிருந்து ஒமேகா சென்டாரி வரை

பெட்டியைப் பிரித்து, ட்ரைபாடில் மாட்டி, ஸ்விட்சைப் போட்டதும் சனிக் கிரகத்தைத் தானே தேடிப் போய் நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் பலரும் கோ-டூ டெலஸ்கோப் வாங்குகிறார்கள். முதல் இரவில் அது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டிக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் மோட்டாரில் பழுது எதுவும் இருக்காது. நாம் கொடுத்த தகவல்தான் தவறாக இருக்கும்.

இந்த வகைக் கருவிக்குக் கண் கிடையாது, கணக்கு மட்டும்தான் தெரியும். "நான் நிற்பது இந்த இடம், இப்போது மணி இவ்வளவு, நான் பார்த்துக்கொண்டிருப்பது இந்த நட்சத்திரம்" என்ற மூன்றையும் நாம்தான் சொல்ல வேண்டும். அந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதி இடம் அலைன்மென்ட்டுக்கே, அதாவது கருவிக்கு வானத்தை அறிமுகப்படுத்தும் வேலைக்கே, போகிறது.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது செலஸ்ட்ரான் நெக்ஸ்டார் 6எஸ்இ. 150 மி.மீ. துளை (ஒளி நுழையும் வாயின் விட்டம்), 1500 மி.மீ. குவியத் தூரம், ஒற்றைக் கை மவுண்ட் (குழாயைத் தாங்கித் திருப்பும் பகுதி). ஸ்கைவாட்சர் ஏஇசட்-ஜிடிஐ போன்ற மற்றவற்றிலும் அடிப்படை இதேதான், மெனுவின் பெயர்கள்தான் மாறும். இடம், தமிழ்நாட்டில் ஒரு மொட்டை மாடி. நம் அட்சரேகை 8 முதல் 13½ டிகிரிக்குள் இருப்பதால் வெளிநாட்டுக் கையேடுகளில் இல்லாத சில விஷயங்கள் நமக்கு முக்கியமாகின்றன.

பகலிலேயே முடிக்க வேண்டியவை

இருட்டில் புதுக் கருவியோடு மல்லுக்கட்ட வேண்டாம். முதலில் ஃபைண்டர். குழாயின் மேல் இருக்கும் அந்தச் சிறு சிவப்புப் புள்ளிக் கருவியும் பெரிய டெலஸ்கோப்பும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். குறைந்தது ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செல்போன் டவர் உச்சியையோ கோபுரக் கலசத்தையோ 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பிச் சிவப்புப் புள்ளியை அதே கலசத்தின் மேல் வையுங்கள். பக்கத்து வீட்டு ஆன்டெனாவை வைத்துச் செய்தால், ஃபைண்டருக்கும் குழாய்க்கும் இடையே உள்ள சில அங்குல இடைவெளியே பிழையாக வந்து சேரும். முடிந்ததும் புள்ளியை அணைத்துவிடுங்கள். அந்தச் சின்ன வட்ட பேட்டரி ஒரே இரவில் தீர்ந்துபோவதற்குக் காரணம் அணைக்க மறப்பதுதான்.

இந்த வேலையைச் சூரியன் இருக்கும் திசைக்கு எதிர்ப்புறத்தில் மட்டும் செய்யுங்கள். முன்புறம் பொருத்தும் சூரிய ஃபில்டர் இல்லாமல் டெலஸ்கோப் வழியே சூரியனைப் பார்த்தால், ஒரு நொடிகூட ஆகாது, கண் போய்விடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பகலில் குழாயின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு நகராதீர்கள்.

அடுத்தது மின்சாரம். இதில் 8 பென்சில் பேட்டரி போடலாம் என்று கையேடு சொல்லும். மோட்டார் வேகமாகத் திரும்பும்போது அவை சீக்கிரம் சோர்ந்துவிடும். சோர்ந்த பேட்டரியில் கருவி சம்பந்தமில்லாத திசையில் போகும், திரை அணைந்து மறுபடி எரியும், நீங்கள் அலைன்மென்ட்டைக் குறை சொல்வீர்கள். சிறிய யூ.பி.எஸ்.களில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி போதும். பின்னின் நடுப்பகுதி பாசிட்டிவ் என்பதை மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் செருகுங்கள், மாறிப்போனால் சர்க்யூட் கருகும். வீட்டு மின்சாரத்தில் ஓட்ட 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரும் போடலாம். ஆனால் பனி விழும் மாடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடப்பது எனக்குப் பிடிக்காது. கரண்ட் போனால் அலைன்மென்ட்டும் போய்விடும்.

இடமும் மட்டமும்

எங்கே வைப்பது? வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணி வரைக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்த வெப்பக் காற்று எழும்பும் வரை வியாழன் கொதிக்கும் நீருக்கடியில் கிடப்பதுபோலத்தான் தெரியும். சாயங்காலம் தளத்தில் தண்ணீர் தெளித்து வைக்கும் பழக்கம் இதற்கும் உதவும். மண் தரையில் வைக்க வசதி இருந்தால் அது இன்னும் மேல். தெற்குப் பக்கம் திறந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ட்ரைபாடின் கால்களை முழுக்க நீட்டாதீர்கள், நீட்ட நீட்ட ஆட்டம் கூடும். ரசமட்டம் வைத்து மேல்தட்டைச் சமப்படுத்துங்கள். மயிரிழை அளவுக்குத் துல்லியம் தேவையில்லை, ஆனால் கண்மதிப்பில் விட்டுவிடவும் கூடாது. மட்டம் சரியாக இருந்தால்தான் கருவி இரண்டாவது நட்சத்திரத்துக்குத் தானாகப் போகும்போது அதன் அருகிலாவது போய் நிற்கும்.

டெலஸ்கோப்பை ஏ.சி. அறையில் வைத்திருந்து நேரே மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். முன்கண்ணாடியில் ஈரம் படர்ந்து படம் மங்கிவிடும். குளிர்நாட்டுக் கையேடுகள் "ஒரு மணி நேரம் வெளியே வைத்துக் குளிரவிடுங்கள்" என்று சொல்லும். நமக்குப் பிரச்சினை நேர்மாறு. சாதாரண அறையில் வைத்திருந்தால் அரை மணி நேரம் வெளியில் இருந்தாலே போதும். மார்கழி, தை மாதப் பனிக்கு, பழைய யோகா மேட்டைச் சுருட்டிக் குழாயின் முன்னால் ஒரு முழ நீளத்துக்கு மாட்டிவிடுங்கள். கடையில் விற்கும் டியூ ஷீல்டு செய்வதும் அதே வேலையைத்தான்.

இடமும் நேரமும் உள்ளிடும்போது

ஹேண்ட் கண்ட்ரோல், அதாவது கையில் பிடித்து இயக்கும் பட்டன் கருவி, கேட்கும் முதல் கேள்விகளில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்.

தேதி: செலஸ்ட்ரான் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் கேட்கும். ஜனவரி 5-ஐ நம் வழக்கத்தில் 05/01 என்று போட்டால் அது மே 1 என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் வானமே ஏறக்குறைய 115 டிகிரி திரும்பிப் போயிருக்கும்.

நேர மண்டலம்: இந்திய நேரம் +5:30. சில பழைய கண்ட்ரோல்களின் பட்டியலில் அரை மணி மண்டலங்களைக் காண முடியாது. அப்படியானால் யுனிவர்சல் டைம் என்பதைத் தேர்ந்தெடுத்து, கடிகார நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்துப் போடுங்கள். இரவு 8 மணி என்றால் 14:30. அதிகாலை ஐந்தரைக்கு முன் பார்ப்பதானால் தேதியும் முந்தைய நாளாக வேண்டும். டேலைட் சேவிங் கேட்டால் ஸ்டாண்டர்டு டைம் என்று சொல்லுங்கள்.

இடம்: ஊர்ப் பட்டியலில் தேடி நேரத்தை வீணாக்காமல் ஆயத்தொலைவுகளை நேரடியாகப் போடுங்கள். போன் காட்டும் தசம எண்ணை அப்படியே அடிக்கக் கூடாது. கோவையின் தீர்க்கரேகை 76.96 என்றால் அது 76 டிகிரி 58 நிமிடம். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60-ஆல் பெருக்க வேண்டும். சென்னைக்கு 13 டிகிரி 5 நிமிடம் வடக்கு, 80 டிகிரி 16 நிமிடம் கிழக்கு. உங்கள் தெருவரை துல்லியம் வேண்டியதில்லை, ஊர் சரியாக இருந்தால் போதும். கிழக்கு என்பதை மேற்கு என்று மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

அலைன்மென்ட்

மோட்டார்களுக்குத் தாங்கள் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறோம் என்பது தெரியும், எதிலிருந்து என்பது தெரியாது. ஒரு நட்சத்திரத்தைக் காட்டி "இதுதான் சிரியஸ்" என்று சொன்னால் அதற்கு ஒரு புள்ளி கிடைக்கிறது. ஆனால் ட்ரைபாட் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது ஒரு புள்ளியிலிருந்து தெரியாது. இரண்டாவது நட்சத்திரத்தைக் காட்டியதும்தான் வானம் முழுக்கவும் அதன் கணக்குக்குள் வந்து பொருந்துகிறது. இதைப் புரிந்துகொண்டால் எந்த இரண்டு நட்சத்திரம் என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். திசையில் ஒன்றிலிருந்து ஒன்று நன்றாக விலகி, குறைந்தது 60 டிகிரியாவது தள்ளி இருக்க வேண்டும். அடிவானத்தை ஒட்டி வேண்டாம், உச்சந்தலைக்கு நேரேயும் வேண்டாம்.

உச்சந்தலை விஷயம் நமக்கு ரொம்ப முக்கியம். இந்த மவுண்ட் இட-வலமாகவும் மேல்-கீழாகவும் மட்டும்தான் திரும்பும். தலைக்கு நேர்மேலே இருக்கும் பொருளைப் பின்தொடர, கருவி கிடைமட்டத்தில் வேகவேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். அங்கே திசை என்பதற்கே அர்த்தமில்லாததால் சிறு பிழையும் பெரிதாகும். ஐரோப்பாவில் கிரகங்கள் அப்படி உச்சிக்கு வருவதே இல்லை. நமக்கோ ரோகிணி, திருவாதிரை, மகம், திருவோணம் எல்லாமே தலைக்கு மேலேயே போகின்றன, பல சமயம் வியாழனும்தான். எனவே கிரகங்களை உச்சிக்கு வரும் முன்போ தாண்டிய பின்போ பாருங்கள்.

கண்ட்ரோலின் பட்டியலில் ஆங்கிலப் பெயர்கள்தான் வரும். பஞ்சாங்க நட்சத்திரங்களை வானத்தில் அடையாளம் காணத் தெரிந்தவர்களுக்கு வேலை சுலபம்: ஆல்டெபரான் ரோகிணி, பீட்டல்ஜூஸ் திருவாதிரை, ரெகுலஸ் மகம், ஸ்பைகா சித்திரை, ஆர்க்டுரஸ் சுவாதி, அன்டாரெஸ் கேட்டை, ஆல்டேர் திருவோணம், கனோபஸ் அகத்தியர்.

இரவு 9 மணி வாக்கில் எனக்குப் பிடித்த ஜோடிகள் இவை. பிப்ரவரியை ஒட்டி வடக்கே கப்பெல்லா, தெற்கே சிரியஸ். மே மாதத்தில் மேற்கே ரெகுலஸ், கிழக்கே ஆர்க்டுரஸ். ஆகஸ்டில் வடக்கே வேகா, தென்மேற்கே அன்டாரெஸ். நவம்பரில் மேகம் விட்டால் தெற்கே ஃபோமல்ஹாட், வடகிழக்கே கப்பெல்லா. இடைப்பட்ட மாதங்களில் போனிலுள்ள ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலியைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

மெனுவில் பல முறைகள் இருக்கும். ஸ்கை அலைன் என்பதில் பெயரே தெரியாமல் பிரகாசமான ஏதாவது மூன்று பொருட்களைக் காட்டினால் போதும் என்பார்கள். அது நன்றாக வேலை செய்யும், ஆனால் நேரமும் இடமும் மட்டமும் பிசகினால் காரணம் சொல்லாமல் தோற்றுவிடும். ஆட்டோ டூ ஸ்டார்தான் என் தேர்வு. நாம் பெயர் சொல்லி ஒரு நட்சத்திரத்தைக் காட்டினால் அடுத்ததை அதுவே தேர்ந்தெடுத்து, அதன் பக்கம் தானே போகும். சோலார் சிஸ்டம், ஒன் ஸ்டார் இரண்டும் அவசரத்துக்கு: நிலவை மட்டும் காட்டிவிட்டுக் குழந்தைகளைத் தூங்க அனுப்பும் நாளுக்கு அது போதும்.

செய்முறை இதுதான். மோட்டார் வேகத்தை 9-இல் வைத்து, இரண்டு கண்களையும் திறந்தபடி சிவப்புப் புள்ளியை நட்சத்திரத்தின் மேல் கொண்டுபோங்கள். என்டர் அழுத்துங்கள். இனி ஐபீஸில் பார்த்து, குறைந்த வேகத்தில் நடுவுக்குக் கொண்டுவந்து அலைன் அழுத்துங்கள். இதில் இரண்டு நுணுக்கம் இருக்கிறது. ஒன்று, நட்சத்திரத்தை வேண்டுமென்றே ஃபோகஸிலிருந்து விலக்குங்கள். அது பெரிய வளையமாக விரியும். ஒரு புள்ளியை நடுவில் வைப்பதைவிட வளையத்தை வட்டத்தின் நடுவில் வைப்பது எளிது. இரண்டு, கடைசி நகர்வு எப்போதும் மேல் அம்புக்குறியாலும் வலது அம்புக்குறியாலும் முடிய வேண்டும். பல்சக்கரங்களுக்கு நடுவே உள்ள தளர்வு ஒரே பக்கமாக இறுகி நிற்பதற்காக இது. தாண்டிப் போய்விட்டால், திரும்பிக் கீழே வந்து மறுபடி மேல் பட்டனாலேயே ஏறுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் குறி துல்லியமாவதை அன்றிரவே பார்த்துவிடலாம்.

மேலே சொன்ன விரிந்த வளையத்தைப் பார்த்துவிட்டு "சனி தெரிகிறது" என்று கூப்பிடுபவர்கள் உண்டு. எதைப் பார்த்தாலும் நடுவில் ஓட்டையுள்ள வடை போலத் தெரிந்தால் அது ஃபோகஸ் இல்லாத நட்சத்திரம். குமிழைத் திருப்பிப் புள்ளியாக்குங்கள்.

ஸ்கைவாட்சர் வகையில், ஸ்விட்ச் போடும் முன் குழாய் கிடைமட்டமாக வடக்கு நோக்கி இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் 2 டிகிரிக்குள்தான், எனவே போன் காம்பஸ் போதும். ஆனால் ட்ரைபாடின் மேல் வைத்துப் பார்க்காதீர்கள், மோட்டாரும் தளத்துக்குள் இருக்கும் கம்பியும் அதைக் குழப்பும். போன் வழியாக ஓட்டும் மாடல்களில் டெலஸ்கோப் தனக்கென ஒரு வைஃபை வைத்திருக்கும். "இதில் இன்டர்நெட் இல்லை" என்று போன் தானாக அதைத் துண்டித்துவிட்டு மொபைல் டேட்டாவுக்கு ஓடும். பார்த்து முடிக்கும் வரை டேட்டாவை அணைத்துவையுங்கள். லொகேஷன் அனுமதி கொடுத்துவிட்டால் தேதி, நேரம், இடம் எதையும் அடிக்க வேண்டியதில்லை.

துருவ நட்சத்திரத்தை வைத்து அமைக்கும் ஈக்வடோரியல் மவுண்ட் நல்லதா என்று சிலர் கேட்பார்கள். கன்னியாகுமரியில் துருவ நட்சத்திரம் 8 டிகிரி உயரத்தில் இருக்கிறது, சென்னையில் 13. எதிர்வீட்டு மாடிப்படி அறையே அதை மறைத்துவிடும். அவ்வளவு தாழ்வாகச் சாய முடியாத மவுண்ட்களும் இருக்கின்றன. நீண்ட நேரப் புகைப்படம் எடுக்கும் எண்ணம் இல்லாதவரை, இட-வலமும் மேல்-கீழுமாகத் திரும்பும் நம் மவுண்ட்டே வசதி.

சரிபார்த்தல், திருத்தம்

அலைன்மென்ட் முடிந்ததும் நேரே நெபுலாவுக்கு (விண்வெளியின் வாயு, தூசி மேகம்) தாவாதீர்கள். மூன்றாவதாக ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைக் கொடுத்து அனுப்புங்கள். 25 மி.மீ. ஐபீஸுக்குள் வந்து விழுந்தால் சரி. 1500-ஐ 25-ஆல் வகுத்தால் 60 மடங்கு, அதில் தெரிவது ஏறக்குறைய 0.8 டிகிரி வானம். நிலவைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். கருவி பின்தொடராமல் நின்றுவிட்டால் பூமியின் சுழற்சியில் மூன்று நிமிடங்களுக்குள் பொருள் வெளியே போய்விடும்.

ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் விலகியும் காட்டினால், அந்த மறுபக்கத்தில் ஒரு நட்சத்திரத்துக்குப் போய் நடுவில் வைத்து, மெயின் மெனுவிலிருந்து அலைன் பட்டனை அழுத்தினால் பழைய நட்சத்திரம் ஒன்றுக்குப் பதிலாக அதை ஏற்றுக்கொள்ளும். யாராவது ட்ரைபாடில் காலை இடித்துவிட்டால் பேசாமல் முதலிலிருந்து செய்யுங்கள். இரண்டாம் முறை ஐந்து நிமிடம்தான் ஆகும்.

எதைப் பார்ப்பது

கண்ட்ரோலில் 40,000 பொருட்கள் இருப்பதாக விளம்பரம் சொல்லும். நகரத்து மாடியிலிருந்து அதில் பெரும்பகுதி தெரியாது. ஒவ்வொன்றுக்கும் காட்டும் ஒளி எண்ணைக் கவனியுங்கள், எண் கூடக்கூட மங்கல். இந்த அளவுகோலை 1856-இல் வகுத்த நார்மன் போக்சன் பின்னாளில் மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பாளராகி, 1861-இல் இங்கிருந்தே ஏஷியா என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். வெளிச்சம் நிறைந்த ஊரில் 8-க்கு மேல் எண் காட்டும் கேலக்ஸிகளைத் தேடி மனம் நொந்துபோக வேண்டாம். நிலவு, கிரகங்கள், இரட்டை நட்சத்திரங்கள், நட்சத்திரக் கொத்துகள் எங்கும் தெரியும்.

நிலவை பௌர்ணமியில் பார்க்காதீர்கள், நிழலே இல்லாமல் தட்டையாக இருக்கும். வளர்பிறை ஆறாம், ஏழாம் நாளில் வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டருகே பள்ளங்கள் ஆழமாகத் தெரியும். வியாழனின் நான்கு நிலாக்கள் 60 மடங்கிலேயே வரிசையாக நிற்கும். சனிக்கு 10 மி.மீ. ஐபீஸ் போட்டு 150 மடங்கில் பாருங்கள். 2025 மார்ச்சில் அதன் வளையம் நமக்குக் கோடாகத் தெரியும் நிலையைக் கடந்தது, இனி சில வருடங்களுக்கு விரிந்துகொண்டே போகும். 300 மடங்கு என்று பெட்டியில் போட்டிருந்தாலும் காற்று அதற்கு அனுமதிக்கும் இரவுகள் குறைவு.

கார்த்திகைக் கூட்டத்தை இதில் தேடாதீர்கள். அது 0.8 டிகிரிக்குள் அடங்காது, பைனாகுலரில்தான் அழகு. டிசம்பர் முதல் மார்ச் வரை எம்42, ஓரியன் நெபுலா. ஆகஸ்ட் வாக்கில் ஆல்பிரியோ, பொன்னும் நீலமுமாக ஓர் இரட்டை.

தெற்கு திறந்திருக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? ஏப்ரல் முதல் ஜூன் வரை சித்திரை நட்சத்திரம் தெற்கே உச்சம் தொடும்போது, நேர் கீழே என்.ஜி.சி. 5139, ஒமேகா சென்டாரி இருக்கும். சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில், ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்ட கொத்து. சென்னையில் 29 டிகிரி உயரம் வரை வரும், கன்னியாகுமரியில் 34. லண்டன்காரருக்கு அது உதிப்பதே இல்லை. எட்டா கரினாவைச் சூழ்ந்த என்.ஜி.சி. 3372 நெபுலாவும் மார்ச் முதல் மே வரை தென் அடிவானத்துக்கு மேலே வரும். இரு அரைக்கோள வானத்தையும் ஓரிடத்திலிருந்து பார்க்கும் இந்த வசதி, ஜவ்வாது மலையின் காவலூர் ஆய்வகத்துக்கும் பெரிய பலம். அங்கே 2.34 மீட்டர் கண்ணாடியுள்ள வைணு பாப்பு டெலஸ்கோப் 1986-இலிருந்து இயங்குகிறது. இப்படியிருக்க, கண்ட்ரோலின் டூர் பட்டனை மட்டும் நம்பி வடக்கையே பார்த்துக்கொண்டிருப்பது வீண்.

மங்கலான பொருட்களுக்கு முன் இருபது நிமிடமாவது போனைத் தொடாமல் இருட்டில் இருங்கள். டார்ச்சில் சிவப்பு ஜெலட்டின் தாளை ஒட்டிவையுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது. இரவில் மாடியில் பெரிய குழாயோடு நிற்பவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். ஒருமுறை கூப்பிட்டு நிலவைக் காட்டிவிட்டால் தெருவிளக்கை மறைக்கத் தட்டி கட்டக்கூட அவர்களே வருவார்கள்.

முடித்து வைக்கும்போது

ட்ரைபாடை நகர்த்தாமல் மறுநாளும் அங்கேயே வைக்கப் போகிறீர்கள் என்றால் மெனுவில் ஹைபர்னேட் கொடுத்து அணையுங்கள், மறுநாள் அலைன்மென்ட் அப்படியே இருக்கும். உள்ளே எடுத்துப்போவதானால், முன்கண்ணாடியில் ஈரம் இருக்கும்போது மூடியைப் போடாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். மின்விசிறிக்குக் கீழே சற்று சாய்த்து வைத்தால் தானாகக் காய்ந்துவிடும். நம் ஊர்க் கடலோர ஈரத்தில் லென்ஸுக்கு எதிரி பூஞ்சைதான், ஐபீஸ்களைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டுவையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால் ஈரம் ஏறியது கண்ணுக்குத் தெரியும். அப்போது வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தெடுத்தால் மீண்டும் பயன்படுத்தலாம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பி வைக்காதீர்கள்.